நான்காவது பெயர்

குழந்தைகளைக் குழுவாக உட்கார வைத்து வேலை கொடுக்கிற, அணி பிரித்து விளையாட விடுகிற ஆசிரியர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் முகாம் நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் பத்து வயதுப் பெண் ஒருத்தியின் அப்பா. உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை என்று ஆரம்பித்தால் பொய்யாகிவிடும். குறை இருக்கிறது. அதில் பாதி என்னைச் சேர்ந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, மகள் சுருட்டிய சார்ட் அட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். நீர்ச் சுழற்சி பற்றிய குழு வேலை. கடல், மேகம், மலை, மழை, எல்லாவற்றையும் இணைக்கும் நீல அம்புகள். வகுப்பில் முதல் பரிசு. தரையில் விரித்து, நான்கு மூலைகளிலும் புத்தகங்களை வைத்து அழுத்திவிட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. வலது கீழ் மூலையில் மூன்று பெயர்கள், ஆளுக்கொரு நிறத்தில்.

“நாலு பேர் குழுன்னு சொன்னியேம்மா?”

“ஆமா. அவ சும்மா கூட இருந்தா.”

“சும்மான்னா?”

“பேப்பர் வெட்டிக் குடுத்தா. பசை தடவினா. கடைசில குப்பையெல்லாம் அவதான் பொறுக்கினா.”

“வரையலையா?”

“நாங்க குடுக்கல. அவ வரைஞ்சா கெட்டுப்போயிடும்னு எல்லாரும் சொன்னாங்க.”

எல்லாரும் என்றால் யார் யார் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “நாங்க மூணு பேரும்” என்றாள்.

அப்புறம் மெல்ல மெல்லத்தான் மிச்சம் வெளியே வந்தது. பெயர் எழுதும் நேரத்தில் மூவரில் ஒருத்தி, “அவ பேரையும் போடலாமே” என்று சொல்லியிருக்கிறாள். இன்னொருத்தி, “நீ என்ன அவளுக்கு வக்காலத்து வாங்குற?” என்று கேட்டிருக்கிறாள். சொன்னவள் அதோடு வாயை மூடிக்கொண்டாள். என் மகள் ஒன்றுமே சொல்லவில்லை. அந்த நான்காவது பெண் ஆசிரியரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். “குழுவுக்குள்ளயே பேசித் தீர்த்துக்கோங்க” என்று பதில் வந்திருக்கிறது. திரும்பி வந்து குப்பையைப் பொறுக்கியிருக்கிறாள்.

ஆட்டத்தில் சேர்த்துக்கொண்ட மாதிரியும் இருக்க வேண்டும், அந்த ஆள் அடித்தாலும் பிடித்தாலும் கணக்கில் வரக் கூடாது. இப்படி ஒரு நிலைமைக்கு ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று பெயரே வைத்திருக்கிறோம். ஊனத்தைக் கேலி செய்கிற சொல், அதைப் புழக்கத்தில் வைத்திருக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் குழந்தைக் கூட்டங்களில் இது எவ்வளவு சகஜம் என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி.

என் மகள் கெட்ட பெண் இல்லை. அதற்கு முந்தைய வாரம்தான், ஜன்னலோர இடம் தம்பிக்கே இரண்டு தடவை போய்விட்டது என்று வண்டி கிளம்பியது முதல் இறங்கும் வரை நியாயம் கேட்டுக்கொண்டு வந்தவள். தேதி, திசை, எத்தனை நிமிடம் எல்லாம் துல்லியமாக வைத்திருந்தாள். அத்தனை கூர்மையான கண்ணுக்கு, பக்கத்திலேயே மண்டியிட்டுக் குப்பை பொறுக்கியவள் எப்படித் தெரியாமல் போனாள்?

இந்தக் கேள்வி ரொம்ப நாள் என்னைக் குடைந்தது. தேடிப் படித்ததில் ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. பீட்டர் பிளேக், கேதரின் மெக்காலிஃப், ஃபெலிக்ஸ் வார்னெகன் உள்ளிட்ட குழுவினர் 2015-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. கனடா, இந்தியா, மெக்சிகோ, பெரு, செனகல், உகாண்டா, அமெரிக்கா என்று ஏழு நாடுகளில் செய்தார்கள். இரண்டு குழந்தைகளை எதிரெதிரே உட்கார வைப்பார்கள். நடுவில் ஒரு கருவி, ஆளுக்கொரு தட்டு. பெரியவர் ஒருவர் தட்டுகளில் தின்பண்டம் வைப்பார். சில சமயம் சமமாக, சில சமயம் ஒருவருக்கு 1, இன்னொருவருக்கு 4. முடிவு செய்வது ஒரு குழந்தை. பச்சைப் பிடியை இழுத்தால் ஆளுக்கு உள்ளது ஆளுக்குக் கிடைக்கும். சிவப்புப் பிடியை இழுத்தால் இருவருக்குமே ஒன்றும் கிடையாது.

தனக்கு 1, எதிரே இருப்பவருக்கு 4 என்றால், தனக்கு வரும் ஒன்றும் போனாலும் பரவாயில்லை என்று சிவப்பை இழுக்கிற குழந்தைகள் ஏழு நாடுகளிலும் இருந்தார்கள். எந்த வயதில் அது தொடங்கியது என்பதுதான் இடத்துக்கு இடம் மாறியது. சரி, தனக்கு 4, எதிரே 1 என்றால்? அப்போதும் சிவப்பை இழுக்கும் வழக்கம் மூன்று நாடுகளில்தான் தெரிந்தது: கனடா, அமெரிக்கா, உகாண்டா. அங்கும் வளர்ந்த பிள்ளைகளிடம்தான்.

ஆக, என் மகளுக்குக் கண்ணில் கோளாறு இல்லை. ஜன்னலோர விஷயத்தில் அவள் ஒன்று கிடைத்த பக்கம் இருந்தாள், சார்ட் விஷயத்தில் நான்கு கிடைத்த பக்கம். குறைவாகக் கிடைக்கும்போது தானாகவே எழுகிற நியாய உணர்வு, அதிகமாகக் கிடைக்கும்போது எழுவதில்லை. ‘எல்லோருடனும் நட்பாகப் பழகு’, ‘பகிர்ந்து கொடு’ என்று நாம் சுவரில் எழுதி ஒட்டுகிற வாசகங்கள் இந்த இரண்டாவது விஷயத்தைத் தொடுவதே இல்லை. தன்னிடம் அதிகம் இருக்கிறது என்றே தெரியாதவளிடம் பகிர்ந்து கொடு என்று சொல்லி என்ன பிரயோஜனம்?

வீட்டில் ஒன்று செய்து பார்த்தேன். விடுமுறை நாட்களில் மகளும் அவள் கூட்டாளிகளும் வெளியே பந்து விளையாடுவார்கள். அன்று அவளிடம் ஒரு துண்டுச் சீட்டும் பென்சிலும் கொடுத்து, “பந்து வெளியே போறப்பெல்லாம் யார் போய் எடுக்கறாங்கன்னு அவங்க பேருக்கு நேரே ஒரு கோடு போடு. வேற எதுவும் வேண்டாம், யாரையும் எதுவும் சொல்லவும் வேண்டாம்” என்றேன். எதற்கு என்று கேட்டாள். சும்மா, எனக்குத் தெரிஞ்சுக்கணும் என்றேன்.

இருட்டும் நேரத்தில் சீட்டோடு வந்தாள். கூட்டத்திலேயே சின்னப் பையன் ஒருவன், அவன் பெயருக்கு நேரே போட்ட கோடுகள் சீட்டின் ஓரம் வரை போய், இடமில்லாமல் கீழே மடங்கி அடுத்த வரிக்கு வந்திருந்தன. மற்றவர்களுக்கு ஐந்து, ஆறு. மகள் பெயருக்கு நேரே இரண்டே இரண்டு. அவள் அதைத்தான் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் நிறைய தடவை எடுத்தேன்னு நெனச்சேன்ப்பா.”

பெரியவர்களும் அப்படித்தான். 1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் கணவன் மனைவியரிடம் வீட்டு வேலைகளில் தங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். பெரும்பாலான வீடுகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் மொத்த வேலையையும் தாண்டியது. நான் செய்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது, நீ செய்தது எனக்கு ஞாபகம் இல்லை, அவ்வளவுதான் விஷயம். (என் மனைவியிடம் இதைச் சொன்னபோது, ஆய்வு செய்ய இத்தனை பேர் தேவைப்பட்டார்களா என்று கேட்டார்.)

அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நான் அவளுக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. மறுநாள் அவளாகவே போய், “இனிமே யார் அடிச்சாங்களோ அவங்களே போய் எடுக்கணும்” என்று ஒரு விதியைச் சொல்லியிருக்கிறாள். யாரும் பெரிதாக மறுக்கவில்லையாம். ‘நீங்க எல்லாரும் அவனை ஏமாத்தறீங்க’ என்று சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். விதி என்று சொன்னதால் யாருக்கும் முகம் சுருங்கவில்லை. குழந்தைகள் கோலி விளையாடுவதை உட்கார்ந்து கவனித்து உளவியலாளர் ஜான் பியாஜே 1932-இல் எழுதியதும் இதை ஒட்டியதுதான். சின்ன வயதில் ஆட்ட விதி என்பது பெரியவர்கள் கொடுத்தது, தொடக்கூடாதது. பத்து வயதை ஒட்டித்தான், நாமெல்லாம் சேர்ந்து ஒத்துக்கொண்டால் விதியை மாற்றலாம் என்பது பிடிபடுகிறது. அந்த வயதுப் பிள்ளைகளோடுதான் உங்களில் பலருக்கும் வேலை.

ஆகவே என் முதல் வேண்டுகோள் எண்ணச் சொல்லிக்கொடுங்கள் என்பது. யார் கேள்வி கேட்டார்கள், யாருக்குப் பதில் சொல்ல வாய்ப்பு வந்தது, யார் தலைவர், யார் துடைத்துப் பெருக்கினார்கள், யார் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார்கள். ஒரு வாரம் பிள்ளைகளே குறிக்கட்டும். உங்களையும் சேர்த்தே எண்ணட்டும், நீங்கள் யார் பெயரை அதிகம் கூப்பிடுகிறீர்கள் என்பதும் அதில் வரட்டும். தர்மசங்கடமாகத்தான் இருக்கும். எண்ணிக்கை சமமாக வர வேண்டும் என்று கட்டாயமில்லை. கால் அடிபட்டவனுக்கு ஓட்டத்திலிருந்து விலக்கு கொடுத்தால் அது ஓரவஞ்சனை ஆகாது. ஆனால் ஏன் என்ற காரணத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். காரணம் சொல்ல முடியாத வித்தியாசங்கள் எவை என்பது அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்து, ‘குழுவுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’.

இதைச் சொன்ன ஆசிரியர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. பிறகு குறைந்தது. ஒரு அறையில் அத்தனை பிள்ளைகள், நிமிடத்துக்கு ஒரு புகார், பென்சிலை எடுத்தான், முறைத்தான், இடித்தான் என்று. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் அந்த வாக்கியம் என்ன செய்கிறது என்று பாருங்கள். மூன்று பேருக்கு எதிரே ஒருத்தி நிற்கிறாள். அவளிடம் போய், அந்த மூன்று பேரோடு பேசித் தீர்த்துக்கொள் என்கிறோம். தீர்ப்பு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. இதன் இன்னொரு வடிவம், ‘சரி, கை தூக்குங்க, ஓட்டு எடுத்துடலாம்’. எந்த விளையாட்டு ஆடலாம், எந்தப் பாட்டுப் பாடலாம் என்பதற்கு ஓட்டு நல்லதுதான். ஒருத்தி பெயரைப் போடலாமா, ஒருவனைச் சேர்த்துக்கொள்ளலாமா என்பதற்கு ஓட்டு எடுத்தால், விலக்கி வைத்ததற்கு ஜனநாயகம் என்ற முத்திரையும் சேர்ந்துவிடும். அந்தக் குழந்தை அதற்குப் பிறகு யாரிடம் போய் என்னவென்று சொல்லும்?

இப்போது நான் அதிகம் யோசித்த இடத்துக்கு வருகிறேன். அது விலக்கப்பட்டவளையோ விலக்கியவளையோ பற்றியது அல்ல. ‘அவ பேரையும் போடலாமே’ என்று ஒருத்தி சொன்னாளே, அப்போது சும்மா இருந்த என் மகளைப் பற்றியது.

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் அமெரிக்காவில் நடத்திய சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு கோட்டைக் காட்டி, மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்பார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற பதில். ஆனால் அறையில் இருப்பவர்களில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் முன்பே பேசிவைத்துக்கொண்டு ஒரே தவறான பதிலைச் சொல்வார்கள். விஷயம் தெரியாத அந்த ஒருவர் என்ன செய்கிறார் என்பதுதான் சோதனை. நாலில் மூன்று பேர் ஒருமுறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பான பதிலைச் சொன்னார்கள். இதுவரைதான் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. அதே சோதனையில் ஆஷ் இன்னொன்றும் செய்தார். கூட்டத்தில் வேறு ஒரே ஒருவரைச் சரியான பதிலைச் சொல்ல வைத்தார். அவ்வளவுதான், கூட்டத்துக்குப் பணிவது நாலில் ஒரு பங்காகக் குறைந்துபோனது.

கல்லூரி இளைஞர்களுக்கே இந்தப் பாடு. நான்கு வயதுக் குழந்தைகளிடம் ஜெர்மனியில் டேனியல் ஹானும் மைக்கேல் டொமசெல்லோவும் இதே போன்ற ஒன்றைச் செய்து 2011-இல் வெளியிட்டார்கள். தங்களுக்குச் சரியான பதில் தெரிந்திருந்தும், மற்ற மூன்று குழந்தைகளும் வேறு சொன்னால் பலர் அதையே சொன்னார்கள். ஆனால் சத்தமாகச் சொல்லாமல், மற்றவர்களுக்குத் தெரியாமல் விரலால் காட்டினால் போதும் என்றபோது அப்படி மாறுவது குறைந்தது. அதாவது குழந்தை குழம்பிப்போய் மாற்றிச் சொல்வதில்லை. சரியான பதிலை உள்ளே வைத்துக்கொண்டே கூட்டத்துக்காக வேறு பதிலை வெளியே சொல்கிறது, நான்கு வயதிலேயே.

இதிலிருந்து உங்கள் வகுப்பறைக்கு எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. எல்லோர் முன்னாலும் “யாருக்காவது ஏதாவது குறை இருக்கா?” என்று கேட்டால் பதில் வராது. வராததைக் குறையே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். துண்டுச் சீட்டில் எழுதிப் போடச் சொல்லுங்கள், எழுத ஒன்றும் இல்லாதவர்களும் ஏதாவது ஒரு படம் வரைந்து போடட்டும், அப்போதுதான் யார் எழுதினார்கள் என்று தெரியாது. கருத்துக் கேட்கும்போது, குழுவில் அதிகாரம் பண்ணுகிற பிள்ளையைக் கடைசியில் கேளுங்கள். அவன் முதலில் பேசிவிட்டால் மற்றவர்களைக் கேட்பது வெறும் சடங்கு.

எல்லாவற்றையும்விட, இரண்டாவதாகப் பேசுவதைச் சொல்லிக்கொடுங்கள். முதல் ஆளாக எழுந்து நின்று அநியாயம் என்று சொல்லத் துணிச்சல் வேண்டும், அது எல்லாப் பிள்ளைக்கும் வராது. வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. ஆனால் ஒருவர் சொன்ன பிறகு “ஆமா, நானும் அதான் நினைக்கிறேன்” என்று சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை. நான்கே சொற்கள். என் மகள் அன்று அதைச் சொல்லியிருந்தால் மூவரில் இருவர் ஒரு பக்கம் ஆகியிருப்பார்கள், ‘வக்காலத்து’ என்று கேட்டவள் தனியாளாகியிருப்பாள். நாம் வீரத்தை வளர்க்கப் பேச்சுப்போட்டி வைக்கிறோம். இந்த நான்கு சொற்களைச் சொல்லிப் பழக ஒரு நாடகம், ஒரு ஒத்திகை எங்கேயும் வைப்பதில்லை. பாடத்தைச் சொல்லிப் பார்க்கிற மாதிரி வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். மனதுக்குள் சரி என்று பட்டால் மட்டும் நாக்கு தானாகப் புரளாது.

பேசினால் பலன் இருக்குமா என்று கேட்டால், இருக்கிறது. கனடாவில் பள்ளி மைதானங்களில் கேமராவும் மைக்கும் வைத்துப் பதிவு செய்து, லின் ஹாக்கின்ஸ், டெப்ரா பெப்ளர், வெண்டி கிரெய்க் ஆகியோர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிள்ளையை மற்றவர்கள் துன்புறுத்திய நிகழ்வுகளில் 88 விழுக்காட்டில் சக மாணவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். குறுக்கிட்டது 19 விழுக்காட்டில்தான். ஆனால் குறுக்கிட்டபோது, பாதிக்கு மேல், 57 விழுக்காடு, பத்தே விநாடிகளில் நின்றுபோனது. பெரியவர் ஓடி வருவதற்குள் முடிந்துவிடுகிற விஷயம்.

சரி, இப்போது என் பங்குக் குறை.

மகளுக்கு ஆறு வயது இருக்கும். வெளியே விளையாடிக்கொண்டிருந்தவள் ஓடி வந்து, “அப்பா, அவனை யாரும் ஆட்டத்துல சேர்த்துக்க மாட்டேங்கறாங்க” என்றாள். நான் கைப்பேசியிலிருந்து தலையை எடுக்காமல், “கோள் சொல்லாம போய் விளையாடு” என்றேன். அவள் போனாள். அதற்குப் பிறகு அப்படி எதையும் சொல்லிக்கொண்டு என்னிடம் வந்ததாக ஞாபகம் இல்லை. நல்ல பிள்ளை, சொன்னால் கேட்டுக்கொள்கிறாள் என்று பெருமையாகக்கூட இருந்தது.

நம் பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளை செய்ததைப் பெரியவரிடம் சொன்னால், அதற்கு எத்தனை பெயர்! கோள் சொல்லுதல், கோள் மூட்டுதல், போட்டுக் கொடுத்தல், காட்டிக் கொடுத்தல், வத்தி வைத்தல். ஒன்றாவது நல்ல பெயரா? இன்னொருவருக்காகப் பேசினால் ‘வக்காலத்து’, ‘உனக்கு ஏன் வலிக்குது’, ‘நீ என்ன பெரிய நாட்டாமையா’. பரிந்து பேசுதல் என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது, அதைக் குழந்தைகள் வாயிலும் குழந்தைகளைப் பார்த்துச் சொல்லியும் நான் கேட்டதில்லை. அந்தச் சார்ட் குழுவில் ‘வக்காலத்து’ என்று சொன்ன பத்து வயதுப் பெண் அந்தச் சொல்லைத் தானாகக் கண்டுபிடித்திருக்க மாட்டாள். எங்கள் வீடு மாதிரி ஏதோ ஒரு வீட்டில் கேட்டதுதான்.

இதற்குச் சிலர் ஒரு வழி சொல்வார்கள். ஒருவரை மாட்டிவிடுவதற்காகச் சொன்னால் கோள், ஒருவருக்கு உதவுவதற்காகச் சொன்னால் புகார், இந்த வேறுபாட்டைக் குழந்தைக்குக் கற்றுக்கொடுங்கள் என்று. கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கு உடன்பாடில்லை. ஏழு வயதுப் பிள்ளை பதறிக்கொண்டு ஓடி வரும்போது, தன் நோக்கம் என்ன என்று தானே ஆராய்ந்து, வகை பிரித்து, தகுதியுள்ளதை மட்டும் கொண்டுவர வேண்டுமா? சலித்து எடுக்கிற வேலை பெரியவர்களுடையது. பத்துப் புகாரில் ஒன்பது சில்லறை விஷயமாக இருக்கும். அந்த ஒன்பதையும் பொறுமையாகக் காதில் வாங்கினால்தான் பத்தாவது நம் வாசலுக்கு வரும். ‘சொன்னது நல்லதாச்சு, நான் பாத்துக்கறேன்’ என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. பார்த்துக்கொள்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். சொன்ன பிள்ளையின் பெயரை வகுப்பு நடுவே போட்டு உடைக்கக் கூடாது. அதை ஒரு தடவை செய்தால் போதும், அந்த அறையில் இருக்கும் அத்தனை வாயும் பூட்டிக்கொள்ளும். அடித்தான், தகாத இடத்தில் தொட்டான் என்பதெல்லாம் இந்தக் கணக்கிலேயே வராது. அது அந்த நிமிடமே நீங்கள் எழுந்து போக வேண்டிய விஷயம்.

இன்னொரு வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். ஒருவன் பேசினான் என்பதற்காக வகுப்பு முழுக்க நிற்க வைப்பது, யார் செய்தார்கள் என்று சொல்லும் வரை யாருக்கும் விளையாட்டு நேரம் இல்லை என்பது. இதில் ஒழுங்கு வருமோ என்னவோ, குழந்தைகள் கற்றுக்கொள்வது மூன்று விஷயம்: தப்பு செய்யாதவர்களைத் தண்டிப்பது சகஜம், அதிகாரம் உள்ளவர்கள் செய்தால் அது அநியாயம் ஆகாது, மாட்டிவிட்டவனை அப்புறம் நாம் கவனித்துக்கொள்ளலாம். 1949-ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை, தன் 33-ஆம் பிரிவில், தான் செய்யாத குற்றத்துக்காக ஒருவரைத் தண்டிப்பதையும் கூட்டுத் தண்டனையையும் தடை செய்கிறது. போர்க்காலத்தில் எதிரி வசம் சிக்கிய பொதுமக்களுக்கு இருக்கிற பாதுகாப்பு அது. வீட்டுப்பாடம் எழுதாத வகுப்புக்கும் கிடைக்கட்டுமே.

அநியாயத்தைப் புரியவைக்க அநியாயத்தையே செய்து காட்டலாமே என்று சிலருக்குத் தோன்றும். 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதை அடுத்து, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்ற ஊரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்துப் பிரித்தார். ஒரு நாள் ஒரு நிறக் கண் உசத்தி, இன்னொரு நிறக் கண் மட்டம். பிறகு தலைகீழாக. உலகப் புகழ் பெற்ற பாடம் அது. எனக்கு அதில் பயம்தான் அதிகம். அந்தப் பிள்ளைகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. தயவுசெய்து முயற்சி செய்து பார்க்காதீர்கள். உண்மையான அநியாயங்கள் ஒவ்வொரு குழுவிலும் தினமும் தயாராகக் கிடைக்கின்றன, புதிதாகச் செய்யத் தேவையில்லை.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது, அல்லது குழந்தைகள் பக்கம். ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு, அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. பேச உரிமை என்று மட்டும் விட்டுவிடாமல் மதிப்பு என்ற சொல்லையும் சேர்த்தார்கள். குழு வேலைக்கு மதிப்பெண் போடும்போது அந்தச் சொல் நினைவுக்கு வந்தால் நல்லது. நான்கு பேருக்கும் ஒரே மதிப்பெண் என்று போட்டுவிட்டு நகராமல், ஆளுக்கு ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் நீ செய்தது எது, செய்ய நினைத்து உனக்குக் கிடைக்காமல் போனது எது? இரண்டாவது கேள்விக்குத்தான் நிஜமான பதில்கள் வரும்.

ஒரு விஷயத்தில் எனக்கே தெளிவில்லை. பேசச் சொல்லி அனுப்புகிறோம், பேசிய பிள்ளைக்கு மறுநாள் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை என்றால்? அது நடக்கும். நடந்தும் இருக்கிறது. அதனால்தான் மகளிடம் ‘நீ எதிர்த்துக் கேட்டிருக்கணும்’ என்று நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில் வாய் வரவில்லை என்றால் அப்புறமாகவாவது அவள் பக்கத்தில் போய் உட்காரலாம், பெரியவர் யாரிடமாவது தனியாகச் சொல்லலாம், அடுத்த தடவை பென்சிலை அவள் கையில் கொடுக்கலாம் என்று மட்டும் சொன்னேன். கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை. அட்டையைச் சுருட்டி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டாள்.

நான்கைந்து நாள் கழித்து அவளே அதை இறக்கி, தரையில் விரித்து, மூலைகளில் புத்தகம் வைத்தாள். பச்சை ஸ்கெட்ச் பேனா ஒன்றைத் திறந்தவள், எழுதாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன்.

“அவ பேர்ல வர்றது ரெண்டுசுழி ‘ன’வா, மூணுசுழி ‘ண’வாப்பா?”

எனக்கு எப்படித் தெரியும் என்றேன். இரண்டு வருடமாக ஒரே வகுப்பு. பேனாவை மூடி வைத்துவிட்டாள். மறுநாள் அந்தப் பெண்ணிடமே கேட்டுக்கொண்டு வந்துதான் எழுதினாள். மூன்று சுழி. இடம் போதாமல் கடைசி எழுத்து கடலுக்குள் இறங்கியிருக்கிறது.

அந்த அட்டையை அவள் வகுப்பு ஆசிரியரிடமே திரும்பக் கொடுத்தனுப்பியிருக்கிறோம். வகுப்பில் மாட்ட இடம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
நால்வரில் ஒருத்தியின் அப்பா